நிறுவன ஆங்கிலமும் எளிய ஆங்கிலமும்: தொழில்முதனிலைக் கோட்பாட்டின் வழி ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பெருநிறுவனங்களின் அறிக்கைகளிலும் கடிதங்களிலும் வழங்கும் ஆங்கிலம், அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோரும் எளிதில் பொருள் காண இயலாத தனிவழக்காக வளர்ந்துள்ளது. அதனை எளிய ஆங்கிலமாக்குதல் என்பது அருஞ்சொல் இருந்த இடத்தில் எளிய சொல்லை வைப்பதே என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. தொல்காப்பியம் கூறும் எட்டுத் தொழில்முதனிலைகளைக் கொண்டு ஆராய்ந்தால், சிக்கல் சொல்லின் அருமையைவிட வினைமுதலும் செயப்படுபொருளும் மறைதலிலேயே மிகுதியாக உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். 2012, 2014, 2017ஆம் ஆண்டுகளில் வெளியான மூன்று நிறுவன அறிக்கைகள் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்திலும், தொடர்கள் அவற்றின் அமைப்புப் புலப்படும் வகையில் தமிழிலும் தரப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: நிறுவன வழக்கு, எளிய ஆங்கிலம், குழூஉக்குறி, மங்கலம், தொழில்முதனிலை, வினைமுதல், மொழியாக்கம்.

முன்னுரை

தமிழ் இலக்கியம் பயின்று, மென்பொருள் நிறுவனம் ஒன்றின் மொழியாக்கப் பிரிவில் பணியாற்றிய முன்னாள் மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் தமக்கு வந்த மின்னஞ்சலின் அச்சுப்படியுடன் துறைக்கு வந்தார். ஆங்கிலத்தில் மூன்று பத்திகள். மாறிவரும் வணிகச் சூழலை முன்னிட்டு நிறுவனம் தன் வளங்களை உகந்த நிலைக்குக் கொணரும் முயற்சியில் இறங்கியுள்ளது. அதன் தொடர்ச்சியாக அவரது ‘ரோல்’, ‘இம்பேக்ட்’ அடைந்துள்ளது. அவரது ‘ட்ரான்சிஷன்’ இனிதே அமைய மனிதவளப் பிரிவு துணைநிற்கும். இவ்வளவே அதன் செய்தி. ‘ட்ரான்சிஷன்’ என்பதை அவர் இடமாற்றம் என்று கொண்டிருந்தார். “எந்த ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பது இதில் எங்கே இருக்கிறது, ஐயா?” என்பதே அவர் கேட்ட வினா. அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

அம்மாணவரின் ஆங்கில அறிவில் குறையில்லை. அக்கடிதத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதிப் பொருளை அவர் அறிந்திருந்தார். சொற்பொருள் அனைத்தும் தெரிந்தும் தொடர்ப்பொருள் புலப்படாமை எவ்வாறு நிகழ்கிறது என்னும் வினாவிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது. இவ்வினா ஆங்கிலத் துறைக்கு உரியது என்று ஒதுக்கத்தக்கதன்று. தமிழ் இலக்கண மரபில் இதற்கு ஆயத்தமான கருவிகள் உள்ளன. எளிய ஆங்கிலத்திற்கான கையேடுகள் பட்டியலிட்டு நின்றுவிடும் இடங்களில் அவை மேலும் ஒரு படி செல்ல உதவுகின்றன.

எளிய ஆங்கில முயற்சிகள்

‘ஜார்கன்’ என்னும் சொல் பழைய பிரெஞ்சு மொழியில் பறவைகளின் கலகல ஒலியைக் குறித்தது. 1944இல் அமெரிக்காவில் மோரி மேவரிக் அலுவலக மொழியை எள்ளுதற்கு உருவாக்கிய ‘கோபிள்டிகூக்’ என்னும் சொல்லும் வான்கோழியின் குரலை நினைந்து பிறந்ததே. பொருளற்ற பேச்சைக் குறிக்க இருமுறையும் பறவையையே நாடியிருப்பது பறவைகளுக்கு இழைத்த அநீதி. அவற்றின் ஒலிக்கு அவற்றிடையே பொருள் உண்டு.

இங்கிலாந்தில், போர்க்காலத்தில் 1940 ஆகஸ்டு 9 அன்று, வின்ஸ்டன் சர்ச்சில் அரசு அலுவலர்க்குச் சுருக்கமாக எழுதுமாறு ஒரு குறிப்பு விடுத்தார். 1946இல் ஜார்ஜ் ஆர்வெல் அரசியலும் ஆங்கில மொழியும் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். பிரித்தானியக் கருவூலத் துறையின் வேண்டுகோளை ஏற்று எர்னஸ்ட் கவர்ஸ் 1948இல் எழுதிய ‘பிளெயின் வேர்ட்ஸ்’ என்னும் சிறுநூல், பின்னர் 1954இல் விரிந்த நூலாக வெளிவந்தது. 1979இல் கிறிஸ்ஸி மேஹர் என்னும் பெண்மணி, புரியாத அரசுப் படிவங்களை இலண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் பலர் காணக் கிழித்து எளிய ஆங்கில இயக்கத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் கூட்டரசு முகமைகள் தெளிவாக எழுத வேண்டும் என்னும் சட்டம் 2010 அக்டோபரில் கையொப்பமாயிற்று.

இவை யாவும் அரசின் மொழியை நோக்கியவை. தனியார் நிறுவன மொழியை நேரடியாகத் தொட்டது, அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் 1998இல் கொணர்ந்த விதி. பங்கு வெளியீட்டு ஆவணத்தின் முகப்புப் பக்கம், சுருக்கம், இடர்கள் பற்றிய பகுதி ஆகியன எளிய ஆங்கிலத்தில் அமைதல் வேண்டும் என்றது அது. அவ்வாணையம் வெளியிட்ட கையேட்டுக்கு முன்னுரை எழுதிய வாரன் பஃபெட், தாம் எழுதும்போது தம் சகோதரியர் இருவரோடு உரையாடுவதாகக் கற்பனை செய்துகொள்வதாகக் குறிப்பிட்டார். அவர்கள் அறிவுடையோர், கணக்கியல் வல்லுநர் அல்லர். நல்ல நெறிதான். ஆயினும் இவ்விதி காப்பது முதலீட்டாளரை. நிறுவனம் தன் ஊழியருக்கு எழுதும் கடிதம் இதன் எல்லைக்குள் வருவதில்லை. பணம் போட்டவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற கடப்பாடு, உழைப்பைக் கொடுத்தவருக்குச் சொல்லும்போது தளர்ந்துவிடுகிறது. பின்வரும் சான்றுகளைப் படிக்கும்போது இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

குழூஉக்குறியா, மங்கலமா?

நன்னூல், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும் யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் குழூஉக்குறி. செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். நிறுவன வழக்கைக் கண்டவுடன் அதனைக் குழூஉக்குறி என்று வகைப்படுத்தத் தோன்றும். ஒரு தொழிற்குழுவினர் தமக்குள் வழங்கும் சொல் என்னும் அளவில் அது பொருந்தவும் செய்யும்.

ஆனால் குழூஉக்குறிக்கு ஓர் இன்றியமையாத பண்பு உண்டு. புறத்தாருக்கு விளங்காத அது, அகத்தாருக்கு ஐயமின்றி விளங்கும். ஒரு பொற்கொல்லர் ‘பறி’ என்றால் மற்றொரு பொற்கொல்லர் அதனைச் செம்பு என்று கொள்ளார். வானொலிப் பொறியாளருக்கு ‘பேண்ட்விட்த்’ என்பது அலைவெண் பரப்பின் அளவு, எண்ணால் குறிக்கத்தக்கது. அதே சொல், “இவ்வாரம் எனக்கு பேண்ட்விட்த் இல்லை” என்று அலுவலகக் கூட்டத்தில் வரும்போது, நேரமில்லை என்பதா, விருப்பமில்லை என்பதா, ஆளில்லை என்பதா என்பது உடனிருப்பவருக்கும் தெரிவதில்லை. ‘சினர்ஜி’, ‘லெவரேஜ்’ ஆகியவற்றின் நிலையும் இதுவே. ஒரு கூட்டத்தில் ‘சினர்ஜி’ என்ற சொல்லைக் கேட்ட இருவரைத் தனித்தனியே பொருள் எழுதச் சொன்னால், இருவரும் ஒன்றையே எழுதுவர் என்று எதிர்பார்க்க இயலாது. உடலியலிலிருந்தும் இயற்பியலிலிருந்தும் எடுத்த சொற்கள், வந்த வழியிலேயே தம் வரையறையைத் தொலைத்துவிட்டன. ‘டவுன்சைசிங்’ என்பது 1970களில் அமெரிக்கக் கார்களின் உருவைச் சிறிதாக்குவதைக் குறித்த சொல். காருக்குப் பயன்பட்டபோது அதன் பொருள் தெளிவாகவே இருந்தது. அடுத்த பத்தாண்டில் அது ஆட்களின் மேல் திரும்பியது.

குழூஉக்குறியைத் திட்டமிட்டு உருவாக்க முயன்றதும் உண்டு. அமெரிக்கத் தொலைபேசிப் பெருநிறுவனம் 1984இல் பிரிக்கப்பட்டபின், கலிபோர்னியாவின் பசிபிக் பெல் நிறுவனம் சார்லஸ் குரோன் என்னும் ஆலோசகரின் நெறியில் தன் ஊழியர்க்குப் பயிற்சி அளித்தது. வழக்கிலிருந்த எளிய சொற்களுக்கு அங்கே புதிய, நீண்ட வரையறைகள் கற்பிக்கப்பட்டன. இருவர் கலந்து பேசுதலைக் குறிக்கும் ‘இன்டராக்‌ஷன்’ என்ற சொல்லுக்கும், படித்து முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துபோகும் அளவில் ஒரு விளக்கம் இருந்தது. ஊழியரின் முறையீடுகள் பெருகவே, 1987இல் மாநில ஒழுங்காணையம் அதில் தலையிட்டது. அகத்தாரே புறத்தாராகிவிட்ட குழூஉக்குறி அது.

எனில், நிறுவன வழக்கு மங்கலமா? ஈண்டும் இடர்ப்பாடு உண்டு. ‘துஞ்சினார்’ என்று கேட்டவர் எவரும், அவர் எப்போது விழிப்பார் என்று வினவுவதில்லை. மங்கலம் கடுமையைக் குறைக்கும், செய்தியைக் குறைக்காது. எம் மாணவரோ எந்த ஊருக்கு மாற்றம் என்று கேட்டார். கேட்போன் பொருளை இழந்துவிட்ட இடத்தில் அதனை மங்கலம் என்று அழைத்தல் தகாது.

குழூஉக்குறி ஒன்று நம் கண்முன்னே இவ்வாறு திரிந்த நிகழ்ச்சிக்கு 2017 ஏப்ரல் சான்றாக அமைகிறது. ‘ரீஅக்காமடேட்’ என்பது வானூர்தித் துறையில் செம்மையான தொழிற்சொல். ஒரு பயணத்தில் இடம் பெற இயலாதவருக்கு வேறொரு பயணத்தில் இடமளித்தல் என்பது அதன் பொருள். அவ்வாண்டு ஏப்ரல் 9 அன்று சிகாகோவில் யுனைடெட் நிறுவனத்தின் வானூர்தியில், பணியாளர் நால்வருக்கு இடம் வேண்டிப் பயணியர் நால்வரை இறங்கச் சொன்னார்கள். இறங்க மறுத்த ஒருவரை வானூர்தி நிலையப் பாதுகாவலர் இருக்கையிலிருந்து பெயர்த்து, இருக்கை வரிசைகளுக்கு இடையே தரையோடு இழுத்துச் சென்றனர். உடன் பயணித்தோர் எடுத்த காணொளி உலகெங்கும் பரவியது. மறுநாள் நிறுவனத் தலைவர் ஆஸ்கர் முனோஸ் வெளியிட்ட அறிக்கை, அப்பயணியரை ‘ரீஅக்காமடேட்’ செய்ய நேர்ந்தமைக்கு வருந்தியது. சொல் தொழிற்சொல்தான், துறைக்குள் வழுவற்றதும் கூட. காணொளியைக் கண்டவர் முன் அது நிற்க முடியவில்லை. ஏப்ரல் 11 அன்று வந்த அடுத்த அறிக்கையில் அச்சொல் இல்லை. வலிந்து வெளியேற்றப்பட்ட பயணி என்ற தொடர் இருந்தது. முழுப் பொறுப்பையும் ஏற்பதாகவும் அது கூறியது. இரண்டு நாட்களில் ஒரே நிறுவனம் தன் வழக்கைத் தானே எளிய ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டது எனலாம். வெளியேற்றியவர் யார் என்பது மட்டும் அத்தொடரிலும் செயப்பாட்டு வினைக்குள் மறைந்தே நின்றது.

எட்டு முதனிலைகள்

இம்மறைவை அளக்கும் கோல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியலில் கிடைக்கிறது. ஒரு தொழில் நிகழ்வதற்கு வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என்னும் எட்டும் முதனிலைகளாம் என்கிறார் ஆசிரியர். குடம் வனைதலை எடுத்துக்கொண்டால், வனைதல் வினை; குயவன் செய்பவன்; குடம் செயப்படுபொருள்; வனையும் இடமும் பொழுதும் நிலமும் காலமும்; திகிரி கருவி; குடத்தைக் கொள்பவன் ‘இன்னதற்கு’; அதனால் விளைவது பயன். பின்வந்த நன்னூல் இவற்றை ஆறாகக் கொண்டு இறுதி இரண்டையும் விடுத்தது. நிறுவன மொழியை ஆராய்வோர்க்கு அவ்விரண்டும் விடத்தக்கன அல்ல. யாருக்காக, என்ன பயன் கருதி என்னும் வினாக்களே அங்கே பெரிதும் மயங்குகின்றன.

இவ்வெட்டனுள் குறைவன குறையும் என்று தொல்காப்பியரே அடுத்து உடன்படுகிறார். எல்லாத் தொடரிலும் எட்டும் வரவேண்டும் என்பதில்லை. ‘வந்தான்’ என்றால் போதும். எவ்வழியாக, எதன்பொருட்டு என்று ஒவ்வொரு முறையும் சொல்லத் தேவையில்லை. ஆயின், குறைந்ததைக் கேட்போன் சூழலால் நிரப்பிக்கொள்ள இயலுமாயின் அது சுருக்கம். இயலாதாயின் அது மறைப்பு. நிறுவன வழக்கிற்கும் எளிய மொழிக்கும் உள்ள எல்லைக்கோட்டை இங்கே வரையலாம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

2012 டிசம்பர் 5 அன்று சிட்டிகுரூப் வங்கி வெளியிட்ட அறிக்கையை இக்கோலால் அளந்து பார்க்கலாம். செலவுகளை மேலும் குறைத்துச் செயல்திறனை உயர்த்தும் ‘ரீபொசிஷனிங் ஆக்‌ஷன்ஸ்’ வரிசை ஒன்றை அறிவிப்பதாகவும், வாடிக்கையாளருக்குப் பணியாற்றும் தனித்திறன் குறையாது என்றும் அதன் முதல் தொடர் கூறியது.

முதலில் வினை. வேலையிலிருந்து நீக்குதல் என்னும் வினை, ‘ரீபொசிஷனிங்’ என்னும் பெயராகிவிட்டது. நிலையை மாற்றி வைத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். தொழிற்பெயராகிய வினை காலத்தையும் இடத்தையும் இழக்கும் என்பது நாம் அறிந்ததே. அடுத்து வினைமுதல். தொடருக்கு எழுவாய் இல்லாமலில்லை. வங்கியின் பெயரே எழுவாய். அது கொண்டு முடியும் பயனிலைதான் கவனிக்கத்தக்கது: ‘அறிவித்தது’. வங்கி அறிவித்தலைச் செய்கிறது. நீக்குதலைச் செய்வது யார் என்னும் இடம் வெறுமையாக உள்ளது. செலவைக் குறைப்பவையும் அந்த ‘ஆக்‌ஷன்ஸ்’ என்னும் நடவடிக்கைகளே. அஃறிணைப் பெயர் ஒன்று உயர்திணையின் வினையை ஏற்று நிற்கிறது. செயப்படுபொருளின் இடத்தில் செலவும் செயல்திறனும் உள்ளன. மனிதர் எவரும் இல்லை. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கை பின்னர் வருகிறது; அப்போதும் குறைபவை ‘பொசிஷன்ஸ்’ என்னும் பணியிடங்கள்.

இதுவரை கண்டதைக் கொண்டு அறிக்கை முழுவதும் மயக்கமானது என்று முடிவுகட்டினால் பிழைபடுவோம். பயன் என்னும் எட்டாம் முதனிலைக்கு வரும்போது அதன் மொழி திடீரெனத் துல்லியம் பெறுகிறது. 2013இல் 90 கோடி டாலர், 2014 முதல் ஆண்டுதோறும் 110 கோடி டாலருக்கு மேல் செலவு மிச்சமாகும். அதற்காக அவ்வாண்டின் இறுதிக் காலாண்டில் சுமார் 100 கோடி டாலர் ஒதுக்கப்படும். நிலமும் தெளிவு: பாகிஸ்தான், பராகுவே, ருமேனியா, துருக்கி, உருகுவே ஆகிய நாடுகள் பெயர் சுட்டப்படுகின்றன. எட்டு இடங்களில் முதலீட்டாளருக்கு வேண்டியவை நிரம்பியுள்ளன. ஊழியருக்கு வேண்டியவை காலியாக உள்ளன. நிறுவன வழக்கு எங்கும் ஒரேவகையாகப் பரவிய மூடுபனி என்னும் கருத்து இதனால் வலுவிழக்கிறது. எழுதியவருக்குத் தெளிவாக எழுதத் தெரியும். யாருக்குத் தெளிவு என்பதை அவர் தேர்ந்துகொண்டிருக்கிறார்.

இதனை எளிய ஆங்கிலமாக்கும்போது, ‘வி வில் கட் மோர் தேன் 11,000 ஜாப்ஸ்’ என்று தொடங்கலாம். ‘வி’ என்ற தன்மைப் பன்மை வந்ததும் வினைமுதல் தன் இடத்திற்குத் திரும்புகிறது. ‘ஜாப்ஸ்’ என்பதை ‘பீப்பிள்’ என மாற்றலாமா? ஈண்டு எளிமையாக்குவோர் தயங்க வேண்டும். பணியிடங்களுள் சில ஏற்கெனவே ஆளின்றி இருந்திருக்கலாம். பதினோராயிரம் இடம் என்பது பதினோராயிரம் பேர் ஆகாமற்போகலாம். மூலத்தில் இல்லாத செய்தியை எளிமையின் பெயரால் புகுத்துதல் வழு. செய்யத்தக்கது, அவ்விடத்தில் வினாவை எழுப்புதலே: இவற்றுள் எத்தனை இடங்களில் இன்று ஆட்கள் உள்ளனர்? நிறுவன வழக்கில் இருந்தவரை இவ்வினா தோன்றவே வழியில்லை. எளிய தொடரை எழுத முயன்றபோதுதான் அது தோன்றியது.

காலியிடத்தை உண்டாக்க மற்றொரு வழி, செய்தியை நெடுந்தொலைவு தள்ளிவைத்தல். 2014 ஜூலை 17 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஸ்டீபன் எலாப் ஊழியருக்கு எழுதிய மடல் ‘ஹலோ தேர்’ என்று இனிமையாகத் தொடங்குகிறது. கைபேசி வணிகத்தின் எதிர்காலம், வடிவமைப்பு, சந்தைப் பிரிவுகள் எனப் பல பத்திகள் செல்கின்றன. அவற்றுக்கெல்லாம் பிறகே 12,500 பேர் என்ற எண் வருகிறது. அதுவும் இத்திட்டம் அத்தகையதொரு குறைவில் விளையும் என்னும் அமைப்பில். பத்துக் குற்றங்களுள் மற்றொன்று விரித்தல் என்பதை வகுப்பில் விளக்கச் சான்று தேடும் ஆசிரியர்க்கு அம்மடலைப் பரிந்துரைக்கலாம். அது அன்று பத்திரிகைகளில் பெரிதும் எள்ளப்பட்டது. அதன் தனிச்சொற்களைவிட அடுக்குமுறையே அதனைப் படிக்க இயலாததாக்கியது என்பது கருதத்தக்கது.

திண்ணை மெழுகிற்று

எளிய ஆங்கிலத்திற்கான கையேடுகள் செயப்பாட்டு வினையைக் குறைக்குமாறு அறிவுறுத்துகின்றன. இவ்வறிவுரை சரியே, எனினும் போதாது. செயப்பாட்டு வினை சிறிதும் இல்லாமலே வினைமுதலை மறைக்க ஆங்கிலத்தில் இயலும். “மாற்றம் நிகழ்கிறது”, “அணிகள் ஒருங்கிணைகின்றன”, “பொறுப்புகள் இடம்பெயர்கின்றன” என்னும் போக்கில் அமையும் தொடர்கள் யாவும் இலக்கணப்படி செய்வினைகளே. செயப்பாட்டு வினையைத் தேடிச் சுட்டும் மென்பொருள் இவற்றைக் கண்டுகொள்ளாது.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டு. செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறுதல் வழக்கின் மரபே எனத் தொல்காப்பியம் வினையியலில் ஏற்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது அதற்கு வழிவழியாகக் காட்டப்படும் சான்று. திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளாது என்பதைக் கேட்போர் அனைவரும் அறிவர். மெழுகியவர் அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஆகவே அங்கே வழக்குப் பிறழவில்லை. “பொறுப்புகள் இடம்பெயர்கின்றன” என்னும் தொடரில் பெயர்த்தவர் எந்த மாடியில் இருக்கிறார் என்பது கேட்போனுக்குத் தெரியாது. அவரைத் தேடிச் சென்று காரணம் கேட்க வழியில்லாமற்போகிறது. ஒரே இலக்கண அமைப்பு ஓரிடத்தில் மரபாகவும் மற்றோரிடத்தில் மறைப்பாகவும் அமைவதை விளக்க, முன்னர்க் கூறிய நிரப்பிக்கொள்ளும் இயல்பே அளவாகிறது.

இதனை வகுப்பறையில் சோதித்தறிய ஒரு வழியைப் பயன்படுத்தி வருகிறோம். ஐயத்திற்குரிய ஆங்கிலத் தொடரை, ‘படு’ என்னும் துணைவினையும் தொழிற்பெயரும் இன்றி, தெரிநிலை வினைமுற்றுக் கொண்டு முடியும் தமிழ்த் தொடராக எழுதச் சொல்வோம். தமிழ் வினைமுற்று, விகுதியின்றி நில்லாது. நீக்கினேன், நீக்கினோம், நீக்கினார் என ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். எந்த விகுதியை இடுவது என்று மாணவர் திகைக்கும் இடமே ஆங்கிலத் தொடர் வினைமுதலை விழுங்கிய இடம். ஆங்கில வினை பெரும்பாலும் விகுதியால் ஆளைக் காட்டாது. எனவே அங்கே தப்பியது இங்கே அகப்படுகிறது. பிறகு மீண்டும் ஆங்கிலத்திற்குச் சென்று, கண்டறிந்த வினைமுதலை எழுவாயாக்கி எழுதினால் எளிய ஆங்கிலம் தானே அமைகிறது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்து ‘யூட்டிலைஸ்’ வந்த இடத்தில் ‘யூஸ்’ என்று மாற்றும் பயிற்சியைவிட இது பயன் மிக்கது.

எளிமையாக்கலின் எல்லை

எல்லாத் தொழிற்சொல்லையும் எளிய சொல்லாக்க முயல்வது தீங்கு விளைக்கும். ‘லே-ஆஃப்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இன்றைய அமெரிக்க வழக்கில் அது வேலையிலிருந்து அறவே நீக்குதலைப் பெரும்பாலும் குறிக்கிறது. இந்தியாவின் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்திலோ, மூலப்பொருள் இன்மை, இயந்திரப் பழுது போன்ற காரணங்களால் தொழிலாளிக்குத் தற்காலிகமாக வேலை தர இயலாமையே ‘லே-ஆஃப்’ எனப்பட்டது. அக்காலத்தில் அவர் தொழிலாளியாகவே தொடர்வார். ஆட்குறைப்பைக் குறிக்க அச்சட்டம் ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’ என்னும் வேறு சொல்லைக் கொண்டது. இரண்டுக்கும் உரிய இழப்பீட்டு முறைகள் வேறு. இரண்டையும் ‘வேலை போதல்’ என எளிமைப்படுத்தினால் தொழிலாளி தன் உரிமையை இழப்பார். பிரித்தானியாவின் ‘ரிடண்டன்சி’ என்னும் சொல்லும் அத்தகையதே. செவிக்குக் கொடிதாயினும், ஆளின் குற்றமின்றி வேலையே இல்லாதொழிந்தது என்னும் பொருளில் இழப்பீட்டுக்கு வழிதிறக்கும் சொல் அது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விழப்பீட்டை உறுதிசெய்தது.

இவை உண்மைக் குழூஉக்குறிகள். இவற்றை நீக்காமல், முதன்முறை வரும்போது ஒரு தொடரில் விளக்கிச் செல்லுதலே நெறி. கேட்டால் ஒரே வரையறை கிடைக்கும் சொல்லைக் காத்தல் வேண்டும். கேட்டவர்க்கெல்லாம் வெவ்வேறு விடை கிடைக்கும் சொல்லைக் கைவிடலாம்.

தமிழாக்கத்தில் நேர்வது

நிறுவன ஆவணங்கள் இன்று தமிழுக்கும் வருகின்றன. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் நம்மவர் இவ்வழக்கை அறிவியல் கலைச்சொல்லாகவே கருதி, உறுப்புக்கு உறுப்பு பெயர்க்கின்றனர். ‘ரைட்சைசிங்’ என்பது சரியளவாக்கம் ஆகிறது. ‘ரிசோர்ஸ் ஆப்டிமைசேஷன்’ என்பது வள உகப்பாக்கம் ஆகிறது. சொல்லாக்க நெறிப்படி குறையேதும் சொல்ல இயலாது. ஆங்கிலத்தில் எவரேனும் ஐயுறக்கூடிய சொல், தமிழில் நல்ல தனித்தமிழ் உருவம் பெற்று மதிப்போடு உலவத் தொடங்குகிறது. ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்னும் சொல்லின் கதை இன்னும் விந்தையானது. அதனைப் பலர் ‘பங்குதாரர்’ என்றே பெயர்க்கின்றனர். ஆலையின் புகையைச் சுவாசிக்கும் பக்கத்துத் தெருக்காரரும் ஆலையின் பங்குதாரர் ஆகிவிடுகிறார், ஈவுத்தொகைதான் வருவதில்லை. எளிய ஆங்கிலம் இங்கே கேட்பது, அச்சொல்லால் குறிக்கப்படுவோர் யாவர் என்பதை: ஊழியரா, சரக்கு வழங்குவோரா, அண்டை வீட்டாரா? விடை கிடைத்தால் அப்பெயரையே எழுதலாம். மொழிபெயர்ப்புச் சிக்கலும் அத்துடன் தீரும். எனவே நிறுவன ஆங்கிலத்தை நேரே தமிழாக்காமல், முதலில் எளிய ஆங்கிலமாக்கிப் பின் தமிழாக்குதல் என்னும் இருபடி முறையை மொழியாக்கப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம்.

‘ஆவன செய்யப்படும்’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று நெடுங்காலமாக எழுதிவரும் நம் அலுவலகத் தமிழும் இதே அளவுகோலுக்கு உட்பட்டதே. அதனைத் தனிக் கட்டுரையாக ஆராய்தல் தகும்.

முன்னர்க் குறித்த மாணவரும் யாமும் அன்று அம்மின்னஞ்சலை எதிரே வைத்து எட்டு இடங்களையும் ஒரு தாளில் எழுதினோம். வினை: நீக்குதல். செய்பவர்: கடிதத்தில் இல்லை, நிறுவனம் என்று கொண்டோம். செயப்படுபொருள்: ‘ரோல்’ என்றிருந்த இடத்தில் அவர் தம் பெயரைத் தாமே எழுதினார். பயன்: நிறுவனத்தின் வள ஒழுங்கு. காலமும் கருவியும் காலியாக நின்றன. எந்த நாளிலிருந்து, பணி ஒப்பந்தத்தின் எந்த விதியின்கீழ் தம்மை நீக்குகிறீர்கள் என்று இரு தொடர்களில், ‘ட்ரான்சிஷன்’ என்னும் சொல்லைத் தவிர்த்து, அவர் மறுமொழி எழுதினார். மூன்றாம் நாள் விடை வந்தது. அதில் தேதி இருந்தது. அறிவிப்புக் காலத்துக்கு உரிய இரண்டு மாத ஊதியம் என்ற செய்தியும் இருந்தது. முதல் மடலில் அவ்வூதியத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.